பிரேக்கில் வைத்த கால்

மாமனார் வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

மகளுடைய கார் ஷெட்டுக்குள் பேட்டரி செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. மெக்கானிக் போனிலேயே கையை விரித்துவிட்டான். வண்டி மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறது, பேட்டரியோ மூக்கில் இருக்கிறது, தன் வண்டியிலிருந்து இழுக்கிற ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது, எப்படியாவது வாசலுக்குத் தள்ளி வையுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். மகள் காலையிலேயே பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டாள். அதில் மாமனாருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். என்ன இருந்தாலும் ஒரு நாளாவது பஸ்ஸில் போனாளே.

மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் பாதி உட்கார்ந்து, கியர் தடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டி மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். கரண்ட் இல்லாவிட்டால் தடி பார்க்கிங்கிலேயே பூட்டிக்கொள்ளும், இந்த ஓட்டைக்குள் அமுக்கினால்தான் நியூட்ரலுக்கு வரும், பாருங்க மாமா என்றார். மாமா கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒரு மண்ணும் இல்லை. ஆயுசு முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். பூ விழுகிற மாதிரி பிரேக் பிடிப்பார் என்று டிப்போவில் பேர் வாங்கியவர். கியரை மாற்றுவதற்கு ஊசி போட வேண்டிய வண்டியெல்லாம் ஒரு வண்டியா என்பது அவருடைய கட்சி. அதை வாய்விட்டும் சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார். தடியை நியூட்ரலில் நிறுத்தி, மூடியைத் திரும்ப அழுத்திப் பொருத்திவிட்டு, ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிற மனுஷன். திறந்த மூடியை மூடாமல் அவருக்கு அடுத்த வேலை ஓடாது.

அந்த ஷெட்டின் தரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கொத்தனார் செய்த புண்ணியமோ, தரை வாசலைப் பார்த்துச் சரியாமல் உள்சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தது. வாசலில் மழைத்தண்ணி வராமல் இருக்க ஒரு மேடு வேறு. ஆகவே நியூட்ரலுக்கு வந்த வண்டி தானாகச் சுவரைப் பார்த்து உருளப் பார்க்கும். மாப்பிள்ளை முன்சக்கரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். அவர் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் நின்று பின்னால் தள்ளுவது, மாமனார் திறந்த கதவுப் பக்கம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளுவது என்று ஏற்பாடு.

"வண்டி திரும்பி வந்தா உள்ள ஏறி பிரேக்க மட்டும் மிதிங்க மாமா. வேற எதையும் தொட வேணாம்" என்றார் மாப்பிள்ளை.

பிரேக்கைப் பற்றித் தனக்குச் சொல்லித் தருகிறாரே என்று மாமனாருக்குச் சுருக்கென்றது. தள்ளினார்.

வண்டி அசைந்தது. ஏறியது. பின்சக்கரம் மேட்டை முட்டி, ஏறுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து திரும்பியது. மாமனாரின் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியது. முட்டுக்கட்டை வழுவழுப்பான சிமென்ட் தரையில் சறுக்கிக்கொண்டே போயிற்று. மாப்பிள்ளை ஒதுங்க முயன்றார், ஒரு கால் ஒதுங்கியது. இன்னொன்று முழங்காலுக்குக் கீழே பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் அலறினார்.

உள்ளே ஏறி பிரேக்கை மிதிக்க வேண்டும். அவர் ஏறவில்லை. இடுப்புவரை உள்ளே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கைத் தேடினார். எந்த வண்டியாக இருந்தாலும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஹேண்ட்பிரேக் இருக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்த சத்தியம். நடுவில் ஒரே ஒரு தடிதான் இருந்தது. அதைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தார்; வராமல் போகவே, பட்டனோடு சேர்த்து இறுக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து முன்னால் தள்ளினார். தடி கடகடவென்று போய் மேல் முனையில் டக்கென்று உட்கார்ந்தது.

"புடிச்சிட்டேன் மாப்பிள்ள" என்றார். உண்மையாகவே பிடித்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார். நாலு விரல் நகர்ந்தால் போதும், காலை உருவிக்கொள்வேன் என்றார். மாமனார் கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி மலை மாதிரி நின்றது. மறுபடியும் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

"மாமா, தடி எந்த எழுத்துல இருக்கு?"

மாமனார் குனிந்து பார்த்தார். பி என்ற எழுத்தில் இருந்தது. சொன்னார். வண்டி பார்க்கிங்கில் பூட்டிக்கொண்டுவிட்டது, கரண்ட் இல்லாமல் இனி தானாக வராது என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். பொறுமையாகச் சொன்னார். நியூட்ரலிலேயே விட்டிருந்தால் இந்நேரம் கால் வெளியே வந்திருக்கும். தன் கையால் தானே பூட்டுப் போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சத்தம் கேட்டு மாடி வீட்டு டீச்சர் இறங்கி ஓடி வந்தார். எதிர்வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஏணியை விட்டுவிட்டு வந்தார்கள். டீச்சர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். கிளம்பிவிட்டதாம், ஆனால் ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து வர வேண்டுமாம். பிறகு வண்டிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டு போய் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே போனதும்தான் அவருக்கு நிலைமை புரிந்தது. மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் மயங்கிச் சரிந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், மாட்டிய கால் அங்கேயே நிற்கும், எலும்பு இரண்டாக முறியும்.

"இவரு கண்ணு செருகுது. சீக்கிரம் ஏதாவது செய்ங்க" என்றார் டீச்சர்.

பெயின்டர்களில் மூத்தவன் யோசனைக்காரன். வண்டிக்கு முன்னால் நின்று தள்ள இடமில்லை என்று பார்த்தவுடனே, ஏணியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து, வண்டியின் பின்பக்கம் அடியில் இருந்த இழுவை வளையத்தில் முடிச்சுப் போட்டான். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இனி பூட்டை எடுப்பதுதான் பாக்கி. சீட்டில் உட்கார்ந்து அதை எடுக்க மாமனாரை விட்டால் வேறு ஆள் இல்லை.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பானட்டின் மேல் உருட்டிவிட்டார். அது வைப்பரில் முட்டி நின்றது. மாமனார் எட்டி எடுத்துக்கொண்டு சீட்டில் ஏறினார். ஏறியதும் வலது கால் பிரேக்குக்குப் போனது, இடது கால் இடது ஓரத்துக்குப் போய் அங்கிருந்த பெடலைக் கரகரவென்று அடிமட்டம்வரை மிதித்தது. அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கால்கள் அப்படியே பழகியவை.

"தடிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும் மாமா" என்றது மாப்பிள்ளையின் குரல். பழைய குரலில் பாதிதான் இருந்தது.

மாமனார் பார்த்தார். எல்லாம் கறுப்பு. கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பு மூடி எங்கே தெரியும்? பத்து நிமிஷத்துக்கு முன்னால் கண்ணெதிரே திறந்து காட்டினார்களே, அப்போது கூரையில் என்ன கிழிந்துகொண்டிருந்தது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். விரலால் தடவினார். தடவிய இடமெல்லாம் மூடி மாதிரியும் இருந்தது, மூடி இல்லாத மாதிரியும் இருந்தது. இடமா வலமா என்று கேட்டார். இடம் என்று மாப்பிள்ளை சொல்வதற்குள் டீச்சர் அவர் கன்னத்தைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

நகம் ஒரு கோட்டில் மாட்டியது. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினார். நழுவிக் கட்டை விரலைக் கிழித்தது. ரத்தத்தை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் நெம்பினார். மூடி தெறித்து எங்கேயோ போனது. கீழே ஒரு ஓட்டை தெரிந்தது.

பிரேக்கை மிதித்துக்கொண்டே உள்ளே அமுக்க வேண்டும், அமுக்கிக்கொண்டே தடியின் பட்டனைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும், என் என்ற எழுத்தில் நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை விட்டு விட்டுச் சொன்னார். கடைசியில், பிரேக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் வண்டி இன்னும் என் மேல்தான் வரும் என்றார். மாமனார் பிரேக்கின் மேல் எழுந்தே நின்றார். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருந்தது. ஒரு கையால் குத்தினார், ஒரு கையால் இழுத்தார். வரவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். உள்ளே ஏதோ ஒன்று கிளிக்கென்று கீழே இறங்கியது. வண்டியின் கனம் முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்த பூட்டு டமாரென்று விட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. மாப்பிள்ளை கத்தினார். மாமனாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. தடி என் என்ற எழுத்தில் நின்றது.

"வந்துருச்சு. இழுங்கப்பா" என்றார் பின்னால் பார்த்து.

பெயின்டர்கள் காலை ஊன்றி இழுத்தார்கள். மாப்பிள்ளையும் தன் பங்குக்குப் பானட்டைத் தள்ளினார். மாமனார் பிரேக்கை மெதுவாக, பூ விழுகிற மாதிரி, விட்டுப் பார்த்தார். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பெயின்டர்களுக்கு மூச்சு வாங்கியது. இளையவன் கயிறு அறுந்துவிடும் என்றான். எல்லாம் சரியாகத்தானே செய்தோம் என்று மாமனார் தடியைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். எழுத்து சரியாகத்தான் இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் தலை டீச்சரின் தோளில் கிடந்தது. கண்ணை மூடியபடியே கேட்டார்.

"மாமா, நீங்க ஏறினப்ப கரகரன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே. இடது கால் எங்க இருக்கு?"

"கிளட்சுல."

"இந்த வண்டியில கிளட்ச் கிடையாது மாமா."

மாமனார் குனிந்து பார்த்தார். இடது ஓரத்தில், அவருடைய செருப்புக்கு அடியில், தரையோடு தரையாக அந்தப் பெடல் அழுந்திக் கிடந்தது. அதுதான் இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் என்றார் மாப்பிள்ளை. காலால் போடுவது. இன்னொரு தடவை மிதித்தால் விட்டுவிடும். அலறல் கேட்ட நேரத்தில் கை தேடு தேடென்று தேடிய சாமான் இத்தனை நேரமும் காலடியில்தான் இருந்திருக்கிறது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். அங்கே சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

வலது காலைப் பிரேக்கில் இறுக்கிக்கொண்டு இடது காலால் மிதித்தார். பெடல் படாரென்று மேலே வந்தது. இப்போது வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய வலது கால் ஒன்றுதான்.

பெயின்டர்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். மூத்தவன் இழுக்கிறோம், விடுங்க என்று குரல் கொடுத்தான். கயிறு விறைத்தது. மாமனார் விடவில்லை. விடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. ஒருமுறை இந்த வண்டி உருண்டதை அவர் பார்த்தாயிற்று. விட்டால், கயிறு நழுவினால், இவ்வளவு கனமும் அந்தக் காலின் மேல் போய் இறங்கும். எத்தனையோ வருஷம், முன்னால் ஆள் நின்றால் பிரேக்கை மிதி என்பதைத் தவிர அந்தக் காலுக்கு வேறு எதையும் அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னால் ஆள் நிற்கிறான். மகள் புருஷன் நிற்கிறான். கால் எப்படி எழும்பும்?

டீச்சர் கெஞ்சினார். பெயின்டர் கத்தினான். மாமனார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் மெல்ல ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. பிறகு எங்கிருந்தோ பலத்தை வரவழைத்துக்கொண்டு நிமிர்ந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமா என்ற வார்த்தை இல்லாமல் அவரிடம் ஒரு வாக்கியம் பேசாத மாப்பிள்ளை, இரண்டு கையாலும் பானட்டை ஓங்கி அறைந்தார்.

"யோவ் கெழவா! கால எடுய்யா!"

கால் எழும்பிவிட்டது. எப்படி எழும்பியது என்று மாமனாருக்கே தெரியாது. வண்டி பின்னால் நகர்ந்தது. நாலு விரல், ஒரு சாண். டீச்சர் மாப்பிள்ளையை அக்குளில் கைகொடுத்து இழுத்தார். இருவரும் சுவரை ஒட்டி மூலையில் போய் விழுந்தார்கள். வந்துட்டாரு என்று டீச்சர் சொன்னது காதில் விழுந்ததும் மாமனார் மறுபடியும் பிரேக்கின் மேல் ஏறி நின்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் கால்சட்டையைக் கத்தரித்துப் பார்த்தார்கள். கால் விரல்களை அசைக்கச் சொன்னார்கள்; அசைந்தன. எலும்பில் விரிசல் இருக்கலாம், படம் எடுத்தால்தான் தெரியும், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, கால் தப்பித்தது என்றார்கள். பெயின்டர்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். மூத்தவன் கதவருகே வந்து, இறங்குங்க பெரியவரே, எல்லாம் முடிஞ்சுது என்றான். மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மாப்பிள்ளை அவரைப் பார்த்து, மன்னிச்சிருங்க மாமா, வாயில ஏதோ வந்துருச்சு என்றார். மாமனார் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆம்புலன்சைக் கூப்பிட்ட கையோடு டீச்சர் மகளுக்கும் போன் செய்திருந்தார்; ஆம்புலன்ஸ் கிளம்புமுன் மகள் ஓடி வந்து, முதலில் ஆம்புலன்சுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, அழுது முகம் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். அப்பா இன்னும் சீட்டில் இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வலது கால் பிரேக்கில். தொடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பா, வாங்க. கால எடுங்க."

"உருண்டுரும்மா."

தடியைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டால் உருளாது என்றாள். அந்தத் தடியை இனி உசிருள்ளவரை தொடமாட்டேன் என்றார் அவர். அவள் கதவருகே குந்தி உட்கார்ந்தாள். வண்டி உருண்டு வந்தபோது நீங்கள்தான் பிடித்து நிறுத்தினீர்கள் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார் என்றாள்.

"பொய் சொல்றாரு" என்றார் அப்பா. "நான்தான் பூட்டுனேன். பிரேக்க மட்டும் மிதிங்கன்னு அவரு சொன்னாரு. எனக்கு ரோஷம் வந்துருச்சு."

மகள் அவருடைய நடுங்குகிற தொடையின் மேல் கையை வைத்தாள்.

"உருண்டா உருளட்டும்ப்பா. அங்க இப்ப யாரும் இல்ல."

"நீ போய்ப் பாத்துட்டு வா."

அவள் எழுந்து போனாள். பானட்டுக்குப் பக்கவாட்டில் நின்று, சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் எட்டிப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். திரும்பி வந்து, யாரும் இல்லை என்றாள். நல்லா பாத்தியா என்று கேட்டார். நல்லாப் பாத்தேன் என்றாள்.

மாமனார் காலை எடுத்தார். வண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல் உருண்டு போய்ச் சுவரில் டொம்மென்று முட்டி நின்றது. அவர் இறங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போய்ப் பார்த்தார். பம்பர் சுவரோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. அங்கேயே நின்று வாய்விட்டு அழுதார். பிறகு வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.